உப்பு

ஜூன் மாதம். சாவோ பாவ்லோவில் அதுதான் குளிர்காலம்.
மேம்பாலத்தின் அடிவயிற்றிலிருந்து
ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும்
சொட்டுகிறது போன வாரத்து மழை.

நான் வேன் ஓட்டுகிறவன்.
சபையில் லைசென்ஸ் உள்ளவர்கள் மூன்று பேர்.
ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்கு இரவு வேலை.
ஆகவே வியாழக்கிழமைகள் என் தலையில்.
விசுவாசம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை,
பிரேக் எப்படி என்றுதான் கேட்டார்கள்.

நெய்டி சகோதரி கரண்டி பிடிப்பாள்.
பாஸ்டர் ஜில்மார் ஜெபிப்பார்.
முதலில் ஜெபம், பிறகு சூப்.
நகரத்துக்காக, நோயாளிகளுக்காக,
கடல் தாண்டிப் போன ஊழியர்களுக்காக,
அதற்கும் பிறகு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்காக
நீட்டிக்கொண்டே போவார் மனிதர்.
சூப்பின்மேல் ஆடை படியும்.
கண்ணை மூடியவர்களும்
அரைக்கண்ணால் அண்டாவைப் பார்ப்பார்கள்.
நான் ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றி
எத்தனை நிமிடம் என்று எண்ணுவேன்.
பதினான்கு வரை போயிருக்கிறது.

அந்த வியாழன் பாஸ்டருக்குக் காய்ச்சல்.
நெய்டியின் மகளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது.
நானும் அண்டாவும் மட்டும்,
கூடவே ஐம்பத்திரண்டு ரொட்டி.
பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு குறும்புச் சந்தோஷம்:
இன்றைக்காவது சூடாகக் குடிப்பார்கள்.

மூடியைத் திறந்தேன். ஆவி எழுந்து
என் கண்ணாடியை மறைத்தது.
துடைத்துவிட்டுப் பார்த்தால்
முதல் ஆள் கிண்ணத்தை வாங்காமல் நிற்கிறார்.
ஒஸ்மார்.
ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் பிளாஸ்டிக் பை,
கோட்டுக்குள் ஒரு நாய்.

"ஜெபம்?"

பாஸ்டர் வரவில்லை, நீங்கள் குடியுங்கள் என்றேன்.

"சூப் செவ்வாய்க்கிழமை கத்தோலிக்கர் வண்டியில் கிடைக்கிறது,
இறைச்சித் துண்டும் போடுகிறார்கள்.
லூஸ் ஸ்டேஷனிலிருந்து இவ்வளவு தூரம்
தண்ணிச் சூப்புக்கா நடந்து வருகிறேன்?
போலீஸ்காரனுக்கு நான் 'ஏய்'.
ஆஸ்பத்திரியில் நான் நூற்றிப்பதினேழு.
வாரத்தில் ஒருநாள் ஒரு மனுஷன்
ஒஸ்மார் அன்டூனஸ் என்று முழுசாகச் சொல்கிறான்,
அதுவும் மேலே பார்த்து."

பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை.
பசித்த வரிசை
அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கரண்டி கையில் இருந்தபடியே கண்ணை மூடினேன்.
என் அம்மா செத்த நாளுக்குப் பிறகு
நான் அவரோடு பேசவில்லை.
எங்கே விட்டோம் என்றுகூட ஞாபகமில்லை.
வாயில் வந்ததைச் சொன்னேன்:

ஆண்டவரே, இதில் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது.
கேரட் இருக்கிறது, சந்தையில் கழித்துப் போட்டது.
பூண்டு நெய்டி உரித்தது.
இது ஒஸ்மார் அன்டூனஸ்.
அவர் நாய்... நாய்க்கு என்ன பெயர்?
(டாக்டர், என்றார்.)
டாக்டர்.
இது இவோனெச்சி. இது ஜுராந்திர்.
தூணோடு ஒட்டி நிற்கும் பையன்
பெயர் சொல்ல மாட்டேன் என்கிறான்.
உமக்குத் தெரிந்திருக்கும்.
எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்பது பேர். ஒருவரையும் விடவில்லை.
தலைக்குமேல் பேருந்து போனபோது
நிறுத்தி, சத்தம் அடங்கியபின் தொடர்ந்தேன்.
ஆமென் என்று சொல்லி முடித்தபோது
சூப்பின்மேல் ஆடை படிந்திருந்தது.

ஒஸ்மார் ஒரு வாய் குடித்தார்.
கொஞ்சம் யோசித்தார்.
"பெயரெல்லாம் சரி. உப்பு?"

உப்பு போடுவது நெய்டி வழக்கமாக
வேனில் ஏறும் முன் கடைசியாகச் செய்வது.
அவள் ஆஸ்பத்திரியில் மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பையன்தான்
சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்
ஏதோ ஹோட்டலில் எடுத்த சின்னக் காகிதப் பொட்டலங்கள்,
ஏழெட்டு, ஓரம் நனைந்தவை.
கிழித்துக் கிழித்து அண்டாவில் போட்டேன்.
போதவில்லைதான்.
பாதிப் பேர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள்.